கடல் தெரியும் அறை: உட்கார்ந்து பார்த்தாலும் தெரியுமா?



ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் கதாநாயகன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவான். பின்னாலேயே நாலு பேர் பெட்டி தூக்கிக்கொண்டு வருவார்கள். மேலே போய்த் திரையை விலக்கினால் எதிரே நீலமாகக் கடல். அவ்வளவுதான். அந்தக் கதவு எத்தனை சென்டிமீட்டர் அகலம், வாசலில் எத்தனை படி, அந்த ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சிவில் படிக்கிற நாமாவது பார்க்க வேண்டாமா? மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், உங்களுக்கும் லிஃப்ட் இருக்கிறது.

உதாரணத்துக்கு நம் நாட்டிலேயே ரொம்பப் பெயர் பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். மும்பை அப்பல்லோ பந்தரில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற தாஜ்மஹால் பேலஸ் ஓட்டல். ஜாம்ஷெட்ஜி டாடா கட்டியது. 1903 டிசம்பர் 16-ந் தேதி திறந்தார்கள். அடுத்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். அது திறந்தபோது எதிரே 'கேட்வே ஆஃப் இந்தியா' கிடையாது. அதற்கு 1911-ல் அடிக்கல் நாட்டி 1924-ல்தான் திறந்தார்கள். எனவே, இந்தியாவின் நுழைவாயில் என்று நாம் சொல்கிற வளைவுக்கே இந்த ஓட்டல் இருபது வருஷம் மூத்தது. பக்கத்தில் நிற்கிற உயரமான டவர் கட்டடம் 1970-களில் சேர்ந்தது. 2008 நவம்பர் 26 தாக்குதலில் பழைய கட்டடம் பலத்த சேதம் அடைந்து, பழுதுபார்த்து, 2010 ஆகஸ்ட் 15-ல் மறுபடி திறந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஓட்டலைப் பற்றி ஒரு கதை உண்டு. வரைபடத்தைப் புரிந்துகொள்ளாமல் முன்பக்கம் பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்களாம். ஊரிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்த என்ஜினீயர் மனம் உடைந்து உயிரை விட்டாராம். கதை ருசியாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. முதலில் வடிவமைத்த சீதாராம் கண்டேராவ் வைத்யா கட்டடம் முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார். டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் வேலையை முடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் ஊர்ப் பக்கமாக வந்து நிற்கும். இப்போது நீச்சல் குளம் இருக்கிற பக்கம்தான் அன்றைக்கு முன்பக்கம். கடல் பக்கத்தை அறைகளுக்கு விட்டுவிட்டார்கள். வாசலை ஊருக்கும் ஜன்னலைக் கடலுக்கும் கொடுத்த திட்டம் அது. என் பார்வையில் நல்ல திட்டம்.

திறந்த காலத்திலேயே அங்கே மின்விளக்கு, அமெரிக்க மின்விசிறி, ஜெர்மன் லிஃப்ட் எல்லாம் இருந்தன. இதில் லிஃப்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிரம்மாண்டமான ஒரு மாடிப்படி இருக்கிறது, படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மாடியேற முடியாத ஒருவருக்கு அந்தப் படி வெறும் அலங்காரம். மூலையில் சத்தமில்லாமல் ஏறி இறங்குகிற கூண்டுதான் அவருக்குக் கட்டடம். முதல் உலகப் போரின்போது இந்த ஓட்டலை 600 படுக்கை ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். பணக்காரர்களின் சொகுசுக்காக வைத்த லிஃப்ட் அன்றைக்குக் காயம்பட்ட சிப்பாய்களுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீர்க்கரையில் கட்டுகிற கட்டடத்துக்கு ஒரு தொல்லை கூடவே வருகிறது. மும்பைத் துறைமுகத்தில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறி இறங்குவது சுமார் 5 மீட்டர் வரை இருக்கும். அதோடு மழைக்காலமும் சேர்ந்தால்? ஆகவே கடலோரத்தில், ஏரிக்கரையில், ஆற்றங்கரையில் யார் கட்டினாலும் முதலில் பேஸ்மட்டத்தை உயர்த்துவார்கள். பேஸ்மட்டம் உயர்ந்தால் வாசலில் படி வரும். படி வந்தால் சக்கர நாற்காலி வெளியே நிற்கும். நீர் உள்ளே வரக்கூடாது என்று செய்கிற வேலை மனுஷனையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது! யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் யாராவது வேண்டுமென்று யோசித்தால்தான் தீரும்.

அதற்குத்தான் சாய்தளம். கணக்கு 1:12. ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கு 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஏன் பன்னிரண்டு? முதல் வருஷம் படித்த அப்ளைடு மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஆள் 70 கிலோ, நாற்காலி 20 கிலோ, மொத்தம் 90. உராய்வை விட்டுவிட்டால், 1:12 சரிவில் மேலே தள்ள ஏழரைக் கிலோ விசை போதும். சுமாராக நடந்துகொள்கிற கைகள் அதைத் தாங்கும். 1:5 ஆக்கினால் சுமார் 18 கிலோ ஆகிவிடும். அதோடு நாற்காலி பின்பக்கமாகக் கவிழவும் பார்க்கும். இறங்கும்போது பிரேக் நம் உள்ளங்கைதான், தோல் உரிந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்க அப்பா கொத்தனார். கடற்கரைச் சாலைகளில் இரண்டு மூன்று ஓட்டலுக்குப் பூச்சு வேலை செய்தவர். 2020-ல் ஒரு வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். போன வருஷம் ஒரு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சரிவு போட்டிருந்தார்கள். அப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது சாய்தளம் இல்ல பாப்பா, சறுக்குமரம்" என்றார். மூணு படி உயரத்தை ஆறடி நீளத்தில் முடித்திருந்தார்கள். ரசமட்டமே வேண்டாம், அவர் கண்ணே அளந்துவிடும். இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். கையெழுத்துப் போடுகிற வரைக்கும் அப்பா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீர்க்கரைக் கட்டடத்துக்குத் திரும்புவோம். பேஸ்மட்டம் 90 செ.மீ. என்றால் சரிவு மட்டுமே 10.8 மீட்டர். நம் நாட்டு மாதிரிக் கட்டட விதிப்படி ஒரே ஓட்டமாக 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நடுவில் மூச்சு வாங்க ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும். மேலேயும் கீழேயும் அதே மாதிரி சமதளம். எல்லாம் கூட்டினால் 15 மீட்டரைத் தாண்டுகிறது. "அவ்வளவு இடத்துக்கு எங்கே போறது?" என்பார்கள். மடித்துப் போடலாம், பக்கவாட்டில் சுவரை ஒட்டிக் கொண்டுபோகலாம், தோட்டத்துக்குள் வளைத்து விடலாம். வரைபடத்தில் இருக்கும்போது அதற்கு ஆகிற செலவு ஒரு பென்சில் கோடு. கட்டி முடித்த பிறகு கிரானைட் படியை உடைக்க வேண்டும், கார் நிற்கிற இடத்தை வெட்ட வேண்டும், அப்புறம் "அழகு கெட்டுப்போகுது" என்ற பேச்சு வேறு. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், 80 மற்றும் 90 செ.மீ. உயரங்களில் இரட்டையாக. முனைகளில் 30 செ.மீ. நீட்டி விட வேண்டும். தரை வழுக்கக் கூடாது. உப்புக் காற்றும் ஈரமும் இருக்கிற கடற்கரையில் பாலிஷ் கல் போட்ட சாய்தளத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உள்ளே அறைக்குப் போவோம். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஒரு விதிப்பட்டியல் வைத்திருக்கிறது. அதில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது ஒரு அறை இருக்க வேண்டும் என்கிறது. கதவு ஒரு மீட்டர் அகலம். அலமாரிக்குத் தள்ளு கதவு, துணி மாட்டும் கம்பி தாழ்வாக. வெளியே யார் என்று பார்க்கும் ஓட்டைகூடத் தாழ்வாக. காது கேளாதவர் தங்கினால்? அபாய மணி ஒலித்தால் மட்டும் போதாது, விளக்கும் விட்டு விட்டு எரிய வேண்டும். இதைப் படித்தபோது, யாரோ உட்கார்ந்து நிஜமாகவே யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

குளியலறையில்தான் பெரும்பாலான இடங்கள் கோட்டை விடுகின்றன. சக்கர நாற்காலி ஒரு வட்டம் திரும்ப 1.5 மீட்டர் விட்டம் வேண்டும். பளிங்கு, தங்க முலாம் குழாய் எல்லாம் வைத்துவிட்டு, இந்த வட்டத்தை விடாவிட்டால் உள்ளே போனவர் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டியதுதான். கழிப்பறை இருக்கையின் உயரம் 45 முதல் 48 செ.மீ., அதாவது நாற்காலி இருக்கையின் உயரம். அப்போதுதான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர முடியும். பக்கத்துச் சுவரில் பிடிகம்பி. அந்தக் கம்பி ஆள் எடையைத் தாங்க வேண்டும். டைல்ஸ் மேல் இரண்டு ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால் கம்பியோடு ஆளும் வருவார். குளியல் பகுதிக்குத் தடுப்புத் திட்டு கூடாது, தரைச் சரிவை வைத்தே நீரை வடிக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இல்லாவிட்டால் தள்ளுகதவாக இருக்கணும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். ஓட்டல்காரர் அறை வாடகை வாங்குவதே கடல் காட்சிக்குத்தான். ஊர்ப் பக்க அறைக்கு ஒரு விலை, கடல் பக்க அறைக்கு அதைவிடக் கூடுதல் விலை. அந்தக் காட்சி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிற்பவருக்கு 1.55. பால்கனியின் கைப்பிடிச் சுவர் பாதுகாப்புக்காக 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. 1.05 மீட்டரில் செங்கல் சுவராகவே கட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். இருவரும் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறார்கள். கண்கள் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் மேலே, நாலாவது மாடி. நிற்பவரின் பார்வைக்கோடு ஒரு மீட்டருக்கு 50 செ.மீ. இறங்குகிறது. எனவே 30 மீட்டர் தூரத்தில் நீரைத் தொட்டுவிடும். உட்கார்ந்திருப்பவரின் கோடு ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. மட்டுமே இறங்குகிறது. அது நீரைத் தொட 150 மீட்டர் ஆகும். இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் 300 மீட்டர். வடிவொத்த முக்கோணம், பத்தாம் வகுப்புக் கணக்கு!

அப்படியானால் படகுத்துறை, படகில் ஏறுகிற ஜனங்கள், கரையில் அலை மோதுகிற இடம், புறா பறப்பது எல்லாமே அந்த 150 மீட்டருக்குள்தான் இருக்கும். அவருக்குத் தெரிவது தூரத்து நீரும் வானமும். கொஞ்சம் குள்ளமானவராக இருந்து கண் 1.05-லேயே இருந்தால் நீரே தெரியாது, சுவர் விளிம்பும் அடிவானமும் மட்டும். முழு வாடகை கொடுத்துச் சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். குழந்தைகளுக்கும் இதே கதிதான்.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. சுவருக்குப் பதிலாக உறுதியான கண்ணாடித் தடுப்பு, அல்லது நெருக்கமாக நிற்கிற செங்குத்துக் கம்பி. உயரம் குறையாது, பாதுகாப்பும் குறையாது, பார்வை ஊடுருவும். கம்பி வைக்கும்போது மேல் கட்டையைச் சரியாக 1.15-ல் கொண்டுபோய் நிறுத்தாமல் இருந்தால் சரி, அது கண்ணுக்கு நேராகக் கோடு போட்ட மாதிரி நிற்கும். அறைக்குள்ளிருந்து பார்க்கிற ஜன்னலுக்கும் இதே கணக்குதான், அடிக்கட்டை 60 செ.மீ.யில் ஆரம்பித்தால் கட்டிலில் படுத்தவருக்கும் கடல் உண்டு.

இன்னொரு இடைஞ்சல் பால்கனிக் கதவின் அடியில் இருக்கிறது. மழைத்தண்ணி அறைக்குள் வரக் கூடாது என்று ஒரு திட்டு கட்டுவார்கள், நாலு அங்குலம், ஆறு அங்குலம்கூட. கதவு வரைக்கும் போன நாற்காலி அங்கேயே நிற்கும். விதிப்படி வாசல் திட்டு 12 மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணியை என்ன செய்வது? பால்கனித் தளத்தை வெளிப்பக்கம் சரித்து, கதவை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் விட்டு, அதன் மேல் கம்பி ஜாலி போட வேண்டும். ஸ்லாப் ஊற்றும்போதே பால்கனியை அறையைவிட ஓரிரு அங்குலம் இறக்கி, மேலே தளம் போடும்போது சமன் செய்துகொள்ளலாம். அப்பாவிடம் கேட்டேன். "சென்ட்ரிங் அடிக்கும்போதே சொன்னா செய்துடலாம். பூச்சு முடிஞ்ச பிறகு வந்து சொன்னா எந்த மேஸ்திரியும் திட்டத்தான் செய்வான்" என்றார்.

அமெரிக்காவில் 1990-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதன் கீழ் 2010-ல் வெளியான அளவுகோலின்படி, 100 அறை உள்ள புதிய ஓட்டலில் 5 அறைகள் இப்படி அமைய வேண்டும். எண்ணிக்கையோடு விடவில்லை. அந்த அறைகளை ஒரே மூலையில் குவிக்கக் கூடாது, பல வகை அறைகளிலும் பரப்பித் தர வேண்டும் என்கிறது. விலையையும் காட்சியையும்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நம் விதிப்பட்டியலில் "குறைந்தது ஒரு அறை" என்பது எனக்குப் போதவில்லை. அந்த ஒன்றையும் தரைத்தளத்தில், பின்பக்கம், ஜெனரேட்டர் பார்த்தபடி கொடுத்துவிட்டு விதியை நிறைவேற்றிவிட்டோம் என்று சொல்ல இடம் இருக்கிறது.

லிஃப்டைச் சொல்கிறேன் என்றேன். 13 பேர் ஏறும் லிஃப்டுக்கு மாதிரி விதி சொல்கிற அளவு: உள் ஆழம் 1.1 மீட்டர், உள் அகலம் 2 மீட்டர், கதவு 90 செ.மீ. கதவு தானாக மூடுவதற்கு முன் குறைந்தது 5 வினாடி திறந்திருக்க வேண்டும், மூடும் வேகம் வினாடிக்கு கால் மீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டன்களில் பிரெய்ல் எழுத்து, எந்த மாடி என்று சொல்லும் குரல். எலக்ட்ரிக்கல் நண்பர்களே, அந்த 5 வினாடியை வைப்பது உங்கள் கையில்தான் இருக்கப் போகிறது.

"பணக்காரன் தங்குற ஓட்டலைப் பற்றி நமக்கென்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே ஒரு ராத்திரி வாடகை நம்மில் பலர் வீட்டு மாத வருமானத்தைவிட அதிகம். ஆனால் 1:12 என்பது பணக்காரச் சரிவு இல்லை. கிராம ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் அதே எண்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016-ல் புதிய சட்டம் வந்தது. விதிப்படி அமையாத கட்டடத்துக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் விதிகளில் பல, 'செய்யலாம்' என்ற சிபாரிசு பாணியில் இருந்தன. 2024 நவம்பர் 8-ந் தேதி உச்ச நீதிமன்றம் அது செல்லாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஓட்டல்காரர் செய்யாவிட்டால் நட்சத்திரம் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. வங்கிக்கும் பள்ளிக்கும் அப்படிப் பறிக்க ஒரு நட்சத்திரம் கிடையாது.

கடைசியாக நம்ம வளாகம். ஒர்க்ஷாப் பின்வாசலில் தள்ளுவண்டி ஏற்ற ஒரு சரிவு இருக்கிறதே, அதை நாங்கள் மூன்று பேர் டேப்பும் டியூப் லெவலும் கொண்டுபோய் அளந்தோம். உயரம் 45 செ.மீ., நீளம் 2.10 மீட்டர். கிட்டத்தட்ட 1:4.7. இதில் 90 கிலோவைத் தள்ள 19 கிலோ விசை வேண்டும். 1:12-க்கு நீளம் 5.40 மீட்டர் ஆக வேண்டும். பக்கத்தில் இடம் இருக்கிறது, வேப்பமரத்தைத் தொட வேண்டியதில்லை. அகலம் 1.20 மீட்டர் வைத்து, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பிக் கெட்டித்து, மேலே 10 செ.மீ. கனத்தில் 1:2:4 கான்கிரீட் போட்டால் கான்கிரீட் அளவு சுமார் 0.65 கன மீட்டர். தளத்துக்கு சிமெண்ட் நாலு மூட்டைக்குச் சற்றுக் கூடுதல். பக்கச் சுவர், கைப்பிடி தனி. எஸ்டிமேட்டை எழுதி சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம், அவர் முதல்வர் ஐயாவிடம் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி கேட்காமல் மேற்பார்வை பார்க்க அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார், காலையில் ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறுவதற்குள் அழைத்துப் போய்விட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.